ஓதற்குப் பிரிந்த காந்தியடிகள்

கல்வியின்பொருட்டுப் பிறந்த ஊரையும் உற்றாரையும் விட்டுச் சேய்மையிலுள்ள நகரத்துக்குச் செல்லுதல் நம் தமிழ்மக்களுக்குப் புதியதொரு செய்தியன்று. தலைவன் தலைவியைப் பிரிதற்குரிய காரணங்களுள் ஓதலையும் ஒன்றாக வைத்தார் ஆசிரியர் தொல்காப்பியனார். அப்பிரிவு மூன்றியாண்டைக் கடத்தலாகாது என்று எல்லையும் வகுத்தார். இலக்கண வகுப்பில் இப்பகுதியைப் பயின்ற நாள்முதல் எமக்கு ஓர் ஐயம் இருந்து வந்தது. பொருள்வயிற் பிரிந்தவன் அருஞ்சுரத்திற்பட்ட துன்பங்களைச் சான்றோர் பலபடப் பாடினர். ஓதற்குப் பிரிந்தவன் எத்தகைய எண்ணங்களை நெஞ்சிற் சுமந்து சென்றான், சென்றவிடத்து அவ்வெண்ணங்கள் என்னாயின என்பனவற்றை விரித்துரைத்தார் அரியர். அவ்வையம் தீர்தற்குத் துணையாயிருந்தது காந்தியடிகளின் இளமை வரலாறாகும்.

தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்த அடிகளை நாம் யாவரும் அறிவோம். ஆயின், பதினெட்டு வயதில் அயல்நாட்டு நகரொன்றில் இரவெல்லாம் அழுது கிடந்த மாணாக்கராகிய மோகனதாசரை நம்மிற் பலர் அறியோம். அம்மூன்றியாண்டுச் செய்திகளை அவரே தம் சத்திய சோதனையில் ஒன்றும் ஒளியாது எழுதிவைத்துள்ளார். அவற்றுட் சிலவற்றை ஈண்டுக் கூறுவாம்.

மோகனதாசர் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரைச் சார்ந்த போர்பந்தரிற் பிறந்தவர். தந்தையார் கரம்சந்திரர் திவான் பதவி வகித்தவர். 1885ஆம் ஆண்டில் இறந்தார். இளைஞர் 1887ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றுப் பவநகரத்திலுள்ள சாமல்தாஸ் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே ஆசிரியர் நிகழ்த்தும் விரிவுரைகளுள் ஒன்றும் அவருக்கு விளங்கவில்லை. குறை ஆசிரியர்பால் இல்லை, தம்பாலே என்று அவரே கூறுகின்றார். முதற் பருவம் முடிந்தவுடன் வீட்டுக்குத் திரும்பினார். அறியாத நகரில் வாழ்ந்து கற்கும் முதல் முயற்சி அவருக்கு இவ்வாறு தோல்வியாயிற்று.

அக்காலத்தில் அவர் குடும்பத்துக்கு நண்பராயிருந்த மாவ்ஜி தவே என்னும் அந்தணர் ஒரு யோசனை சொன்னார். பி.ஏ. பட்டம் பெறுதற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். பெற்றாலும் அறுபது ரூபாய் வேலையே கிட்டும். இங்கிலாந்துக்குச் சென்றால் மூன்றே ஆண்டுகளில் பாரிஸ்டர் ஆகலாம். செலவும் நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய்க்கு மேற்படாது. திரும்பியதும் திவான் பதவி கேட்டவுடன் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. கல்லூரிப் பாடங்களுக்கு அஞ்சியிருந்த இளைஞருக்கு இச்சொல் தேனாக இனித்தது. மருத்துவம் கற்கலாகாதோ என்று அவர் வினவ, பிணத்தை அறுக்கும் தொழில் வைணவ குடும்பத்துக்கு ஆகாதென்பது தந்தையார் கருத்து எனத் தமையனார் மறுத்துரைத்தார்.

இனி, இலண்டன் நகரத்தைப்பற்றி அவர் கொண்டிருந்த எண்ணம் யாதெனின், அது மெய்ஞ்ஞானிகளும் புலவர்களும் வாழும் நிலம், நாகரிக உலகத்தின் நடுவிடம் என்பதே. பின்னாளில் இலண்டனிலிருந்து புறப்படுங்கால், புலாலுண்ணாதார் சங்கத்துப் பத்திரிகைக்கு அவர் இவ்வாறு தெரிவித்தார். புத்தகங்களாலும் கேள்வியாலும் அமைத்துக்கொண்ட நகரம் அது. அந்நகரில் தாம் எங்கே உண்பது, எவரோடு பேசுவது, எவ்வாறு உடுப்பது என்பனபற்றி அவர் எண்ணியதில்லை. கனவிற் காணும் நகரத்தில் உணவுச்சாலைகள் இருப்பதில்லையன்றோ?

செலவுக்குப் பொருள் வேண்டி அவர் பட்ட பாடு பெரிது. போர்பந்தர் ஆட்சியை நடத்திவந்த ஆங்கில அதிகாரியைக் கண்டு உதவி கேட்பதற்காக, தோராஜி வரையில் மாட்டுவண்டியிலும், ஒருநாள் முன்னதாகச் சென்று சேரலாம் என்று அதற்குமேல் ஒட்டகத்தின்மீதும் பயணஞ் செய்தார். சில ஆங்கில வாக்கியங்களை நெட்டுருப் பண்ணிக்கொண்டு சென்று, இருகையாலும் வணங்கி நின்றார். அவ்வதிகாரியோ, முதலிற் பட்டம் பெற்று வா, இப்போது உதவியில்லை என்று கூறிவிட்டு மாடிப்படி ஏறிச் சென்றுவிட்டார். மனைவியார் கஸ்தூரிபாயின் நகைகளை விற்கலாம் என்றும் இளைஞர் எண்ணினார். முடிவில் தமையனாரே எவ்வாறாயினும் பணம் தேடித் தருவதாக ஏற்றுக்கொண்டார்.

அன்னையார் புத்லிபாயின் அச்சம் வேறு வகைத்து. இங்கிலாந்து சென்ற இளைஞர் கெட்டுப்போகின்றனர் என்றும், ஆங்கே புலாலும் மதுவும் இன்றி வாழ்தல் இயலாது என்றும் சிலர் அவ்வம்மையாரிடம் சொல்லியிருந்தனர். மகனை நம்புவதாகவும், ஆயினும் சேய்மை நாட்டில் எவ்வாறு நம்புவதென்று மயங்குவதாகவும் அவர் கூறினார். சமணத் துறவியாகிய பேசர்ஜி சுவாமியின் முன்னிலையில் மது, மாது, புலால் மூன்றையும் தீண்டுவதில்லை என்று மகன் உறுதிமொழி செய்த பின்னரே அன்னையார் விடையளித்தார். சில திங்களே நிரம்பிய மகவோடு மனைவியார் ஊரிலேயே தங்கினார்.

பம்பாய் சேர்ந்தபின் மற்றோர் இடையூறு நேர்ந்தது. மோத் வணிகர் குலத்தில் அதுகாறும் எவரும் இங்கிலாந்து சென்றதில்லை. குலத்தார் கூட்டங் கூட்டி இளைஞரை அழைத்து விசாரித்தனர். கடல் கடத்தல் சமயத்துக்கு மாறு என்று தலைவர் கூற, தாம் கற்கச் செல்லுதலில் குற்றமில்லை என்றும், அன்னைக்குச் செய்த உறுதிமொழி தம்மைக் காக்கும் என்றும் மோகனதாசர் விடையிறுத்தார். தலைவர் வெகுண்டு, அவரைக் குலத்தினின்று விலக்கியதோடு, அவருக்கு உதவுவோரும் வழியனுப்பத் துறைமுகம் செல்வோரும் ஒரு ரூபாய் நான்கு அணா தண்டம் இறுத்தல் வேண்டும் எனவும் தீர்ப்பளித்தார். முன்னர் இராஜ்கோட்டுப் பள்ளியிற் பிரிவுபசாரம் நிகழ்ந்தபோது, எழுதி வைத்திருந்த நன்றியுரையைப் படிக்கவும் நாவெழாமல் உடல் நடுங்கி நின்றவர் இவர். அத்தகையவர் குலத்தலைவர் முன்னே கலங்காது நின்றார். மாணாக்கர் உள்ளத்தில் வேட்கை மிகுந்துழிக் கூச்சம் ஒருகால் விலகி நிற்கும் போலும்.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. உடன்சென்றவர் ஜூனாகத் வக்கீலாகிய மஜும்தார் ஒருவரே அவருக்குத் துணை. இரண்டாம் வகுப்பிலிருந்த ஏனையோர் ஆங்கிலேயர். ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளத்தில் அமைத்துப் பார்த்தபின்னரே அவரால் பேச இயன்றது. கத்தியும் முள்ளும் பிடிக்கத் தெரியாது. எவ்வுணவு புலால் கலவாதது என்று கேட்கவும் நாணம். ஆதலால் உணவு மேசைக்குச் செல்லாது, வீட்டிலிருந்து கொணர்ந்த இனிப்புக்களையும் பழங்களையும் அறையிலிருந்தே உண்டு வந்தார்.

செப்டம்பர் இறுதியிற் கரைசேர்ந்தபொழுது வெண்ணிற உடையே தக்கது என்று கருதி வெள்ளைக் கம்பளியாடை புனைந்து இறங்கினார். இறங்கியோருள் வெள்ளுடை தரித்தவர் அவர் ஒருவரே. மாற்றுடை வைத்த பெட்டிகளும் திறவுகோல்களும் கப்பல் முகவரிடம் சென்றுவிட்டன, அன்று சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு விடுமுறை. திங்கள்வரை அவ்வெள்ளுடையோடு நாணித் திரிந்தார். அன்று மாலை விக்டோரியா ஹோட்டலுக்கு அவரைக் காணவந்த டாக்டர் மேத்தாவின் பட்டுத்தொப்பியை விளையாட்டாக எடுத்து, அதன் மயிர்ப்போக்குக்கு எதிராகத் தடவிவிட்டார். மேத்தா சினத்தை அடக்கிக்கொண்டு, பிறர் பொருளைத் தொடாதே, கண்டவுடன் சொந்தச் செய்திகளை வினவாதே, உரக்கப் பேசாதே என்று அந்நாட்டு ஒழுக்கத்தின் முதற்பாடத்தைக் கற்பித்தார். உண்ணாமலே இருந்த ஹோட்டலுக்கு மூன்று பவுன் கட்டணம் செலுத்த நேர்ந்தபோது இளைஞர் திடுக்கிட்டார்.

ஞானிகளும் புலவர்களும் வாழும் நாடென்று எண்ணி வந்தவர்க்கு முதலிற் காட்சியளித்தவை குளிரும் பசியும் தனிமையுமே. மக்கள், அவர் வழக்கங்கள், வீடுகள் யாவும் புதியனவாயிருந்தன. இரவு வந்தால் அன்னையின் நினைவு மேலிடக் கண்ணீர் தாரையாகப் பெருகும். அத்துன்பத்தை எவரிடம் சொல்வது? கடிதத்துக்கு மறுமொழி வருதற்கே பல வாரங்கள் ஆகும் காலம் அது. இங்கிலாந்தில் இருக்கவும் இயலவில்லை. திரும்பிச் செல்லவும் மனம் ஒப்பவில்லை. வந்தாயிற்று, மூன்றாண்டை முடித்தே தீரவேண்டும் என்று தமக்குத் தாமே கட்டளையிட்டுக்கொண்டார்.

உணவுத் துன்பம் நாடோறும் தொடர்ந்தது. காலையில் ஓட்ஸ் கஞ்சி ஓரளவு பசி தணிக்கும். மற்ற வேளைகளில் ரொட்டியும் உப்பற்ற கீரையுமே. மூன்றாவது துண்டு ரொட்டி கேட்க நாணிப் பசித்திருப்பார். நண்பர் ஒருவர், கல்லாத தாயாரிடம் செய்த உறுதிமொழிக்கு மதிப்பில்லை என்று நாடோறும் வாதித்தார்; பெந்தாம் எழுதிய நூலைப் படித்துக் காட்டியும் பார்த்தார். அவர் வாதத்துக்கு மறுப்புக் கூற மோகனதாசரால் இயலவில்லை. உறுதியைக் கைவிடவும் இயலவில்லை. ஒருநாள் அந்நண்பர் நாடகத்துக்கு முன் ஹோல்பர்ன் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்றார். சூப் வந்தவுடன் மோகனதாசர் பணியாளை அழைத்து, அது காய்கறியால் ஆயதோ என வினவினார். நண்பர் வெகுண்டு, நாகரிகம் தெரியாவிடில் வெளியே சென்று உண் என்றார். இவரும் மகிழ்ச்சியோடு வெளியேறினார். அருகிலிருந்த மரக்கறி உணவுச்சாலை அடைத்துக்கிடந்தமையால் அன்றிரவு பட்டினியாகவே நாடகம் பார்த்தார். நட்பு மட்டும் முறியவில்லை.

நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து மரக்கறி உணவுச்சாலை தேடியவர், ஒருநாள் பாரிங்டன் தெருவில் ஒன்றைக் கண்டார். வாயிலருகே விற்பனைக்கு வைத்திருந்த சால்ட் என்பாரது மரக்கறி உணவுபற்றிய நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உட்சென்று, இங்கிலாந்து வந்தபின் முதன்முறையாக வயிறார உண்டார். அந்நூலைப் படித்து முடித்தபின், அதுகாறும் அன்னையின் கட்டளையாயிருந்த நோன்பு அவர்தம் கொள்கையாயிற்று. இலண்டன் அவருக்கு அளித்த முதற்பேறு இதுவே. அன்னை தந்த விதை அயல்நாட்டு மண்ணிலேயே முளைத்தது.

ஆயினும் நகரத்தின் மயக்கம் அவரை முற்றும் விட்டபாடில்லை. உணவிற் குறைந்த நாகரிகத்தை உடையால் நிரப்பலாம் என்று எண்ணினார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு நெடுந்தொப்பி, பாண்டு தெருவில் பத்துப் பவுனுக்கு மாலையுடை, ஊரிலிருந்து தமையனாரைக்கொண்டு வருவித்த இரட்டைப் பொற்சங்கிலி என்றிவ்வாறு செலவு வளர்ந்தது. நாடோறும் பத்து நிமிடம் நிலைக்கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டி கட்டுவதிலும் தலை சீவுவதிலும் கழிந்தது. நடனம் கற்க மூன்று பவுன் கட்டினார். பியானோ ஒலிக்குக் கால் இசையவில்லை. இசையறிவு பெறுதற்குப் பிடில் வாங்கினார். பேச்சுக்கலை ஆசிரியருக்கு ஒரு கினி கொடுத்தார். இங்ஙனம் ஏறக்குறைய மூன்று திங்கள் சென்றன. பின்பு, வாழ்நாள் முழுதும் இங்கிலாந்தில் வாழப்போவதில்லை, தாம் மாணாக்கர், கற்பதே தம் கடன் என்னும் தெளிவு பிறந்தது. ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதி அப்பாடங்களை நிறுத்தினார்.

அதன்பின் அவர் வாழ்வு கணக்குப் புத்தகத்திற் புகுந்தது. வண்டிச்சத்தம், தபால் முத்திரை, செய்தித்தாளுக்குச் செலவிட்ட செப்புக்காசு ஈறாக யாவற்றையும் எழுதி, ஒவ்வோரிரவும் இருப்பைச் சரிபார்த்தே உறங்கினார். ஒரே அறைக்கு மாறி, காலையும் மாலையும் தாமே சமைத்து, எங்கும் நடந்தே சென்று, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ்ந்தார். தமையனார் கடன்பட்டு அனுப்பும் பணம் என்னும் நினைவு அவரை உறுத்தியது. பிற்காலத்திற் பொதுப்பணம் பெருந்தொகையாகக் கையில் வந்தபோது ஒரு காசும் தவறாது காத்த பழக்கத்துக்கு வேர் அவ்வறையிலே ஊன்றியதாகும்.

பாரிஸ்டர் படிப்போ, மாவ்ஜி தவே சொன்னவாறு எளிதாகவே இருந்தது. பன்னிரண்டு பருவங்கள் விருந்துண்ணுதலும், தேர்வுகளில் வெற்றி பெறுதலுமே வேண்டப்பட்டவை. நால்வர் கொண்ட மேசைக்கு இரண்டு புட்டி மது வழங்குவர். இவர் குடியாமையால் தத்தம் மேசைக்கு இவரை அழைக்கப் போட்டி நிகழ்ந்ததாம்! எளிய வழியோடு அமையாமல் இலண்டன் மெட்ரிகுலேஷன் தேர்வுக்கும் உழைத்தார். இலத்தீனில் முதன்முறை தோற்று, மறுமுறை முயன்று 1890ஆம் ஆண்டில் வென்றார். உரோமானியச் சட்டத்தை இலத்தீன் மூலத்திலேயே படித்தார்.

கிறித்தவ மாணாக்கராகிய யாம் ஈண்டு ஒன்று சொல்லாது மேற்செல்லல் இயலாது. இராஜ்கோட்டிற் பள்ளியருகே நின்று இந்து தெய்வங்களை இகழ்ந்து பேசிய போதகர்களைக் கேட்டு, மோகனதாசர் இளமையிலேயே கிறித்தவ சமயத்தை வெறுத்தார். அச்செய்தியைப் படிக்குந்தோறும் எம் தலை தாழ்கின்றது. இலண்டனில் மரக்கறியுண்ணும் கிறித்தவ அன்பர் ஒருவர் இகழ்ச்சி ஒன்றும் பேசாது, வேதாகமத்தைப் படிக்குமாறு வேண்டினார். பழைய ஏற்பாட்டின் பல பகுதிகள் அவருக்கு உறக்கத்தையே தந்தன; மலைப்பிரசங்கமோ நேரே நெஞ்சிற் புகுந்தது. பகவத் கீதையையும் அந்நகரிலேதான், பிரமஞான சபை சார்ந்த சகோதரர் இருவரோடு முதன்முதற் படித்தார். தம் நாட்டு நூலை அயல்நாட்டார் மொழிபெயர்ப்பிற் படிக்க நேர்ந்ததற்கு அவர் வெட்கமுற்றார். தமிழை மேற்பாடமாகப் பயிலும் எமக்கு இது சிந்திக்கத்தக்கதாகத் தோன்றிற்று.

1891ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். 11ஆம் நாள் உயர்நீதிமன்றத்திற் பதிவு செய்துகொண்டார். 12ஆம் நாள் கப்பலேறினார். தொல்காப்பியனார் வகுத்த எல்லைக்குள் பிரிவு முடிந்தது. கொண்ட நோன்பு குன்றாமற் காத்தோம் என்று அன்னையின் அடிபணிந்து கூறும் வேட்கையோடு பம்பாய்த் துறையில் இறங்கினார். அன்னையோ முன்னரே இறந்துவிட்டார். அயல்நாட்டில் தனித்திருக்கும் மகன் தாங்கமாட்டான் என்று தமையனார் அச்செய்தியை மறைத்து வைத்திருந்தார். தந்தையார் மறைவினும் இத்துயரம் பெரிதாயிருந்தது. ஆயினும் அழுது புலம்பாமல் அடக்கிக்கொண்டார்.

எதிர்பார்த்த திவான் பதவியும் வந்திலது. பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்து நின்றவர், கேட்க ஒரு வினாவும் தோன்றாமல் தலைசுற்றி அமர்ந்து, வழக்கை வேறொருவரிடம் ஒப்புவிக்கச் செய்தார். நெடுந்தொப்பியும் பட்டமும் அவ்வேளையில் துணைசெய்யவில்லை. துணைசெய்தவை வேறு, அவை 1893ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா சென்றபின் வெளிப்பட்டன. 1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டின்பொருட்டு அடிகள் மீண்டும் இலண்டன் சென்றார். அப்போது தங்கிய இடம் பெரிய ஹோட்டலன்று. கீழ்ப்பகுதியில் ஏழைத் தொழிலாளர் நடுவேயிருந்த கிங்ஸ்லி மண்டபம். உடுத்தது முழங்கால் அளவான கதராடையும் போர்வையும். வெள்ளுடையோடு வந்திறங்கி நாணியவர், நாற்பத்து மூன்று ஆண்டுக்குப் பின் அந்நகரத்தில் அதனினும் எளிய வெள்ளுடையோடு நாணாது நடந்தார்.

யாமும் ஈராண்டுக்கு முன் ஒரு சிற்றூரினின்று இந்நகரம் வந்தவரே. வந்த அன்றே ஆங்கிலம் தானே நாவில் நடமாடும், விரிவுரை யாவும் விளங்கும், விடுதியில் எல்லாரும் நண்பராவர் என்று எண்ணியிருந்தோம். முதல் வாரத்தில் ஒன்றும் விளங்கவில்லை. இரவில் தலையணை நனைந்தது. அன்னையார் சிறுகச் சிறுகச் சேர்த்துத் தந்த பணத்தில், தோழரைக் கண்டு பொன்னிறக் கைக்கடிகாரம் ஒன்று வாங்கினோம். வீட்டுக்குப் புத்தகச் செலவு என்று எழுதினோம். அடிகளின் பொற்சங்கிலியைப்பற்றிப் படித்த இரவு உறக்கம் வரவில்லை. மறுநாளே கணக்குப் புத்தகம் ஒன்று தொடங்கினோம். முதற்பக்கத்தில் அக்கடிகாரத்தின் விலையை எழுதினோம். கோடை விடுமுறையில் அப்பக்கத்தை அன்னையாரிடம் காட்டினோம். அவர் சினந்திலர், மணி சரியாக ஓடுகின்றதா என்று மட்டும் கேட்டார்.

இவ்வாண்டு படிப்பு முடித்துச் சென்னைக்கும் பிற நகரங்கட்கும், சிலர் கடல் கடந்தும் செல்லவிருக்கும் தோழர்களே! நீங்கள் எண்ணிச் செல்லும் நகரம் ஒன்றாகவும், சென்று காணும் நகரம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடும். அதுபற்றி அஞ்சவேண்டா. முதற் சில திங்கள் பசியும் தனிமையும் வருத்தும். பின் சில திங்கள் தொப்பியும் சங்கிலியும் மயக்கும். இரண்டையும் கடந்தபின்னரே கல்வி தொடங்கும் என்பதற்கு மோகனதாசரே சான்று. வீட்டினின்று எதனைக் கொண்டு சென்றீர்களோ, அதனை மறவாதிருங்கள். திரும்பி வந்து சொல்லலாம் என்று ஒன்றையும் வைத்திராமல், அன்னையார்க்கு அவ்வப்போது தெரிவித்து வாருங்கள். திரும்பும் நாள்வரை அவர்கள் இருப்பார்கள் என்பதற்கு எந்த நகரமும் உறுதி சொல்வதில்லை.